ஒத்தி வீட்டுக்கு ரெண்டாம் தவணை

நாகர்கோவில் பக்கம் வீடு தேடி வருகிற வெளியூர்க்காரர்கள் முதலில் கேட்பது "வாடகை எவ்வளவு?" என்பதுதான். தரகர் அதற்குப் பதில் சொல்லாமல் திருப்பி ஒரு கேள்வி கேட்பார்: "வாடகைக்கா, ஒத்திக்கா?" வெட்டூர்ணிமடம், பார்வதிபுரம், வடசேரி, கோணம் என்று எங்கே போனாலும் இந்த ரெண்டு கணக்கும் உண்டு. ஒத்தி தெரியாதவர்களுக்காக ஒரு வரி. மொத்தமாக ஒரு தொகையை வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டு, மாத வாடகை இல்லாமல் ரெண்டு மூன்று வருடம் குடியிருக்கலாம். காலி செய்யும்போது கொடுத்த தொகை முழுசாகத் திரும்ப வரும். சென்னையில் இதையே லீஸ் என்கிறார்கள், போக்கியம் என்றும் சொல்வதுண்டு.

ஒத்திக்கு வீடு எடுக்கும் முன் என்ன பார்க்கணும் என்று சொல்ல யூடியூபில் ஆட்கள் நிறைய. பத்திரம் பாரு, வில்லங்கம் பாரு, கிணற்றுத் தண்ணீர் உப்பா என்று பாரு. ஆனால் தவணை முடிந்து, "இன்னும் மூணு வருஷம் இருங்களேன்" என்கிற கட்டம் வரும்போது யாரும் எதையும் பார்ப்பதில்லை. ஒரு சாயா குடிக்கிற நேரத்தில் காரியம் முடிந்துவிடும். பழைய தாளின் பின்பக்கத்தில் தேதியை மாற்றி ஒரு கையெழுத்து. பல வீடுகளில் அதுகூடக் கிடையாது. வெறும் வாய்ச்சொல்தான்.

என் கட்சி இதுதான்: ஒத்தியை நீட்டிப்பது என்றால் அதே ஆளுக்கு ரெண்டாம் முறை கடன் கொடுப்பது. முதல் முறை கொடுத்தபோது எதையெல்லாம் பார்த்தோமோ அதையெல்லாம் மறுபடி பார்க்கணும். சொல்லப்போனால் கொஞ்சம் கூடுதலாகவே பார்க்கணும்.

வாடகை வீட்டில் தவணை முடியப்போகிறதென்றால் குடியிருப்பவர்தான் வீட்டுக்காரரைத் தேடிப் போவார். ஒத்தியில் பெரும்பாலும் அது தலைகீழ். எங்கள் வீட்டுக்காரர் தவணைக்கு ரெண்டு மாசம் இருக்கும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தார். கையில் ஒரு சீப்பு மட்டிப்பழம். வீட்டுக்காரர் மட்டிப்பழத்தோடு வந்தால் பணம் தயாராக இல்லை என்று அர்த்தம்.

"பிள்ளையளுக்குப் படிப்பெல்லாம் இங்கதான அண்ணாச்சி?"

"ஆமா அண்ணாச்சி. சின்னவன் இப்பம் ஒம்பதாம் கிளாஸ்."

"அப்பம் பத்து முடியது வரைக்கும் வேற எங்கயும் மாறாண்டாம். பிள்ளையளுக்குச் செரமம்லா?"

என் பிள்ளைகளின் சிரமத்தை நினைத்து அவ்வளவு உருகினார். அப்புறம் மழை, ரப்பர் விலை, பார்வதிபுரம் பாலத்து நெரிசல் என்று ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் விஷயத்துக்கு வந்தார். பணம் மகளுக்க கல்யாணத்தோடு போய்விட்டது. சவுதியில் இருக்கிற மகன் அனுப்புகிறேன் என்று சொல்லியிருக்கிறான், இந்த வருஷம் ஆகாது போலிருக்கு. "நீங்க இன்னொரு தவணை இருந்திடுங்க. கூடக் கொஞ்சம் பாத்துத் தந்தா நல்லாருக்கும்."

இதில் அவரைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஒத்திப்பணத்தை அப்படியே பெட்டியில் பூட்டி வைத்திருக்கிற வீட்டுக்காரரை நான் கண்டதில்லை. பூட்டி வைக்கிற அளவுக்கு வசதி இருந்தால் அவர் ஒத்திக்கே விட்டிருக்க மாட்டார். வாடகைக்கு விட்டுவிட்டு நிம்மதியாக இருந்திருப்பார்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். மாதம் 8,000 ரூபாய் வாடகை போகக்கூடிய ஒரு வீட்டை 6,00,000 ரூபாய்க்கு ஒத்திக்கு விடுகிறார் என்று வையுங்கள். வருடத்துக்கு 96,000 ரூபாய் வாடகையை அவர் விட்டுக்கொடுக்கிறார். ஆறு லட்சத்துக்கு அது நூற்றுக்குப் பதினாறு வட்டி. வங்கியில் நகைக் கடன் இதைவிட மலிவு. பிறகு ஏன் ஒத்தி? நகை ஏற்கெனவே வங்கிக்குள் இருக்கும். ஒத்தியில் சம்பளச் சீட்டு யாரும் கேட்பதில்லை. மாசம் பிறந்தால் தவணை கட்டச் சொல்லி ஃபோன் வருவதில்லை. வட்டி கண்ணுக்குத் தெரியாமல் வீட்டிலிருந்தே போய்விடுகிறது.

நம் பக்கத்துக் கணக்கு வேறு. அந்த ஆறு லட்சத்தை ஆறரை வட்டிக்கு வைப்பில் போட்டிருந்தால் வருடம் 39,000 வந்திருக்கும். அதை விட்டு, 96,000 வாடகையை மிச்சம் பிடிக்கிறோம். நிகர லாபம் 57,000. இது ஏதோ நம் சாமர்த்தியத்துக்குக் கிடைத்த பரிசு என்று நினைத்துவிடக் கூடாது. பணம் திரும்பி வராமல் போகலாம் என்கிற ஆபத்தைச் சுமப்பதற்கான கூலி அது.

ரெண்டாம் தவணையில்தான் கணக்கு சூடு பிடிக்கிறது. மூன்று வருடத்தில் அதே வீட்டுக்கு வாடகை 9,500 ஆகியிருக்கும். பழைய ஆறு லட்சத்துக்கே நீட்டித்தால் வீட்டுக்காரர் வருடம் 1,14,000 விட்டுக்கொடுக்கிறார், வட்டி பத்தொன்பது ஆகிறது. அதனால்தான் "ஒரு லட்சம் கூட்டித் தாங்க" என்று கேட்கிறார். ஏழு லட்சம் ஆக்கினால் வட்டி மறுபடி பதினாறுக்குக் கிட்ட வந்து நிற்கும். அவர் கேட்பது நியாயமான கணக்குதான், பேராசை ஒன்றும் இல்லை. ஆனால் மறுபக்கத்தைப் பாருங்கள். ஆறு லட்சத்தைத் திருப்ப முடியாதவர் இனி ஏழு லட்சம் திருப்ப வேண்டும். ஒவ்வொரு நீட்டிப்பிலும் கடன் வளர்கிறது, கடன்காரரின் வசதி வளர்ந்ததா என்று யாரும் கேட்பதில்லை.

இதே விளையாட்டை நாடு முழுக்க ஆடுகிறவர்கள் தென்கொரியர்கள். அங்கே இதற்கு ஜொன்சே என்று பெயர். வீட்டு விலையில் பாதியையும் தாண்டிய தொகையை மொத்தமாகக் கொடுத்துவிட்டு ரெண்டு வருடம் வாடகை இல்லாமல் இருப்பார்கள். பொலிவியாவில் அந்திகிரெதிகோ என்று ஒன்று உண்டு, அதுவும் ஏறக்குறைய நம் ஒத்திதான். கொரியாவில் 2020 ஜூலையில் ஒரு சட்டத் திருத்தம் கொண்டுவந்தார்கள். குடியிருப்பவர் ஒரு தடவை நீட்டிப்புக் கேட்டால், தான் குடிவரப்போவது போன்ற தக்க காரணம் இல்லாமல் வீட்டுக்காரர் மறுக்க முடியாது. இன்னும் ரெண்டு வருடம் கொடுத்தாக வேண்டும். தொகையையும் நூற்றுக்கு ஐந்துக்கு மேல் கூட்டக் கூடாது. கேட்க நன்றாகத்தான் இருந்தது.

2022 வாக்கில் வட்டி ஏறி வீட்டு விலை இறங்கியது, ஜொன்சே தொகையும் இறங்கியது. பழைய ஆளுக்குத் திருப்பிக் கொடுக்கப் புது ஆளின் பணத்தை நம்பியிருந்த வீட்டுக்காரர்கள் கைவிரித்தார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளை இப்படிச் சுழற்சியில் வைத்திருந்த ஒருவர் அந்த அக்டோபரில் இறந்துபோனார். பத்திரிகைகள் அவருக்கு 'வில்லா ராஜா' என்று பெயர் வைத்தன. பணம் போட்டவர்கள் யாரிடம் போய்க் கேட்பது என்று தெரியாமல் நின்றார்கள். ஏமாந்தவர்களுக்கென்றே 2023-ல் தனிச் சட்டம் போட வேண்டியதாயிற்று. நம்மூரில் ஆயிரம் வீட்டு ராஜா யாரும் இல்லை. ஆனால் "அடுத்த ஒத்திக்காரர் வந்ததும் உங்க பணத்தைத் தந்திருதேன்" என்கிற வாக்கியத்தை நம்மூரில் கேட்காதவர் யார்?

சட்டம் இதை எப்படிப் பார்க்கிறது? 1882-ஆம் வருடத்துச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 58-ஆம் பிரிவில் ஒத்தி, அனுபோக அடமானம் என்ற பெயரில் உட்கார்ந்திருக்கிறது. கடனுக்கு ஈடாக வீட்டை ஒப்படைத்து, அதன் பலனை வட்டிக்கு ஈடாக எடுத்துக்கொள்ளச் சொல்வது. நூறு ரூபாயோ அதற்கு மேலோ அடமானம் என்றால் பதிவு செய்தால்தான் செல்லும் என்று அடுத்த பிரிவு சொல்கிறது. நூறு ரூபாய்! எழுதிய காலத்தில் அது பெரிய பணம்.

இங்கே எத்தனை ஒத்தி பதிவாகிறது? நான் பார்த்தவரை சொற்பம். காரணமும் தெரிந்ததே. சுவாதீனத்தோடு கூடிய அடமானத்துக்கு முத்திரைத் தீர்வை நூற்றுக்கு நான்கு, பதிவுக் கட்டணம் ஒன்று. ஆறு லட்சத்துக்கு முப்பதாயிரம் ரூபாய் ஆகிவிடும். மூன்று வருடம் கழித்துத் தொகையைக் கூட்டி நீட்டித்தால் அதற்கும் ஒரு ஆவணம், பணம் திரும்பினால் மீட்பு ரசீது ஒன்று. யார் கட்டுவது என்று ரெண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துவிட்டு, டைப்பிங் கடையில் 'லீஸ் அக்ரிமென்ட்' என்று தலைப்புப் போட்டு, பத்திரத்தாளில் பதினொரு மாதம் என்று அடித்து, ரெண்டு சாட்சியை வைத்துக் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். முன்பு இருபது ரூபாய்த் தாளில் எழுதியது, இப்போது இருநூறு ரூபாய்த் தாள். அவ்வளவுதான் வித்தியாசம்.

பதியாத ஒத்தியை வைத்துக்கொண்டு வீட்டின் மேல் உரிமை கொண்டாட முடியாது. கொடுத்த பணத்தைக் கேட்கிற உரிமை மட்டும்தான் மிச்சம். வில்லங்கச் சான்றில் உங்கள் பெயர் வராது. வீட்டுக்காரர் அதே வீட்டை வங்கியில் வைக்கலாம், விற்கலாம். வங்கி ஏலத்துக்கு வரும்போது உங்கள் இருநூறு ரூபாய்த் தாளுக்கு மரியாதை எவ்வளவு இருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு விஷயம், நீட்டிக்கிறவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது. கொடுத்த பணத்தைக் கேட்டு வழக்குப் போடுவதற்குக் காலவரம்பு பொதுவாக மூன்று வருடம், பணம் திருப்பித் தர வேண்டிய நாளிலிருந்து. தவணை முடிந்த பிறகு வாய்ச்சொல்லில் ஒரு மூன்று வருடம் ஓட்டிவிட்டு, அப்புறம் கேட்டால் வீட்டுக்காரரின் வக்கீல் முதலில் தூக்கிப் போடுகிற வாதம் இதுதான். காலவரம்புச் சட்டம் 18-ஆம் பிரிவில் இதற்கு வழியும் வைத்திருக்கிறது. காலம் முடியும் முன்னால், "இன்னாரிடம் இன்ன தொகை வாங்கியிருக்கிறேன், திருப்பித் தர வேண்டியது பாக்கி" என்று கடன்பட்டவர் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தந்தால், அன்றிலிருந்து மூன்று வருடம் புதிதாகப் பிறக்கும். தாளின் பின்பக்கத்தில் போடுகிற அந்த ஒற்றைக் கையெழுத்துக்குத் தேதியும் தொகையும் எவ்வளவு முக்கியம் என்று இப்போது புரியும். வெறுமனே 'புதுப்பிக்கப்பட்டது' என்று எழுதி வைப்பது போதாது.

பதிவு செய்த ஒத்தியின் கதை வேறு. வீடு கைமாறினாலும் வாங்கியவர் ஒத்திக்கு உட்பட்டுத்தான் வாங்குகிறார். பணம் வரும்வரை நீங்கள் உள்ளே இருக்கலாம். அதேபோல வீட்டுக்காரருக்கும் பெரிய பாதுகாப்பு உண்டு. "தவணைக்குள் பணம் திருப்பாவிட்டால் வீடு ஒத்திக்காரருக்கே சொந்தம்" என்று சிலர் கெத்தாக எழுதிக்கொள்கிறார்கள். சாதாரண ஒத்தியில் அது செல்லாது. மீட்கிற உரிமையை எழுத்தால் அடைக்க முடியாது. மீட்பதற்குக் காலக்கெடு குறிக்காத அனுபோக அடமானத்தில், முப்பது வருடம் கடந்துவிட்டது என்பதற்காக மட்டும் அந்த உரிமை போய்விடாது என்று உச்ச நீதிமன்றம் சிங் ராம் வழக்கில் 2014-ல் சொல்லிவிட்டது.

தாத்தா ஒத்தி வைத்த வயலைப் பேரன் மீட்கப் போகிற வழக்குகள் நாஞ்சில் நாட்டுக்குப் புதிதல்ல. சொத்து மருமகன்மாருக்குப் போகிற மருமக்கள்வழி இருந்த காலத்தில், குடும்பத் தலைவரான காரணவர் குடும்பச் சொத்தைத் தன் இஷ்டத்துக்கு ஒத்தி வைப்பார், மருமகன்மார் கோர்ட்டுக்குப் போவார்கள். 1926-ல் நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் வரும்வரை வக்கீல்களுக்கு நல்ல காலம். அதற்கும் முன்னால் ஓலைக் காலம். அழகியபாண்டியபுரம் முதலியார் ஓலைகளைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். கவிமணி தேடிப் போய்ப் பார்த்து எழுதியவை. நிலத்தையும் மனையையும் மட்டுமல்ல, மனிதர்களையே விற்றதற்கும் ஒற்றி வைத்ததற்கும் இந்த வட்டாரத்தில் ஓலைகள் கிடைத்திருக்கின்றன. 1855-ல் திருவிதாங்கூர் அடிமை முறையை ஒழிக்கும்வரை ஆளும் ஒரு சொத்து. ஒத்தி என்கிற ஏற்பாட்டுக்கு அவ்வளவு கறுத்த ஒரு பக்கமும் உண்டு.

குத்தகையைப் புதுப்பிப்பது என்ற பிரச்சினையைத் திருவிதாங்கூர் தீர்த்த விதம் எனக்கு ரொம்பப் பிடித்தது. இங்கே கல்குளம், விளவங்கோடு பக்கம் ஜென்மிகள் என்ற நில உடைமையாளர்களின் நிலத்தில் காணப்பாட்டக் குத்தகைக்கு இருந்த குடியான்கள் வழக்கப்படி பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொள்ள வேண்டும். புதுப்பிக்கிற ஒவ்வொரு தடவையும் ஜென்மிக்குத் தனியாகப் பணம். அதில்லாமல் ஓணம், கல்யாணம் என்று வழக்கப்படியான காணிக்கைகள். புதுப்பிக்க மாட்டேன் என்று ஜென்மி சொல்லிவிட்டால் பாடுபட்டு வைத்த தென்னையும் பலாவும் கட்டிய வீடும் கைவிட்டுப் போகும்.

1865-ல் அரசு முதலில் தன் சொந்த நிலத்தில் ஆரம்பித்தது. ஆயில்யம் திருநாள் காலம், மாதவ ராவ் திவான். பண்டாரப்பாட்டம் என்ற அந்த அரசு நிலத்தை வைத்திருந்தவர்களுக்கு விற்கவும் ஒத்தி வைக்கவும் பிள்ளைகளுக்கு விட்டுப் போகவும் உரிமை கொடுத்து ஒரு விளம்பரம் வந்தது. ரெண்டு வருடத்தில் அடுத்த விளம்பரம்: பாட்டத்தையும் வழக்கப்படியான கட்டணங்களையும் ஒழுங்காகச் செலுத்துகிற குடியானை ஜென்மி வெளியேற்ற முடியாது. அதை 1896-ல், கொல்லம் 1071-ல், ஜென்மி குடியான் சட்டமாக விரிவாக எழுதினார்கள். 1933-ல் வந்த திருத்தம்தான் கெட்டிக்காரத்தனமானது. பாட்டம், காணிக்கை, பன்னிரண்டு வருடப் புதுப்பிப்புப் பணம் எல்லாவற்றையும் ஒன்றாகக் கூட்டி வருடக் கணக்கில் பிரித்து 'ஜென்மிக்கரம்' என்று ஒரே தொகையாக்கினார்கள். அதைக் கட்டினால் குடியான்தான் உடைமையாளர். புதுப்பிப்பு என்கிற பேச்சே எழாது. 1956 நவம்பர் 1-ல் நாம் தமிழ்நாட்டோடு சேர்ந்த பிறகு, அந்தக் கரத்தையும் 1964-ல் சென்னைச் சட்டமன்றம் ஒழித்தது. நம்மில் பலர் இன்று 'தாத்தா காலத்துச் சொத்து' என்று சொல்லிக்கொள்கிற மனைகள் நூறு வருடம் முன்னால் புதுப்பிப்புப் பணம் கட்டி வைத்திருந்த நிலமாக இருந்திருக்கும். பழைய பிரமாணத்தை எடுத்துப் பாருங்கள், சக்கரம், பணம் என்ற திருவிதாங்கூர் நாணயங்களில் கணக்கு எழுதியிருக்கும்.

திருவிதாங்கூர் 1933-ல் முடித்த இந்த வேலையை லண்டன் இன்னும் முடித்தபாடில்லை. அங்கே இருக்கிற என் சித்தி மகன் ஃபிளாட் வாங்கியிருக்கிறான். வாங்கியது ஃபிளாட்டை, அடிநிலம் வேறு ஒருவருக்கு. 99 வருடக் குத்தகையில் மிச்சம் இருப்பது 82. எண்பதுக்குக் கீழே இறங்கிவிட்டால் நீட்டிக்கிற செலவு எகிறிவிடும் என்று தூக்கம் வராமல் கிடக்கிறான். 1993-ல் வந்த சட்டம் நிலக்காரரிடம் பணம் கொடுத்து 90 வருடம் கூட்டிக்கொள்ளும் உரிமை கொடுத்தது. 2024-ல் அதை 990 வருடம் என்று மாற்றிச் சட்டம் இயற்றியிருக்கிறார்கள். 990 வருடம்! இங்கே அவ்வளவு காலம் முன்னால் ராஜராஜன் ஆண்டு முடித்துக் கொஞ்ச நாள்தான் ஆகியிருக்கும். "அண்ணே, ஒங்களுக்கு எத்தன வருஷம் மிச்சம்?" என்று கேட்டான். "ரெண்டு மாசம்டே" என்றேன்.

இங்கே லண்டனுக்குக் கிட்ட வருவது கோயில் மனைதான். சுசீந்திரத்திலிருந்து நிர்வாகம் நடக்கிற குமரி மாவட்டத் திருக்கோயில்கள் 490. பல ஊர்களில் கோயிலைச் சுற்றியிருக்கிற மனை கோயிலுடையது, மேலே நிற்கிற வீடு குடியிருப்பவருடையது. தரைவாடகை கட்ட வேண்டும். அறநிலையச் சட்டம் 34-ஆம் பிரிவின்படி ஐந்து வருடத்துக்கு மேற்பட்ட குத்தகைக்கு ஆணையர் அனுமதி இல்லாவிட்டால் செல்லாது. நியாய வாடகையை ஒரு குழு நிர்ணயித்து மூன்று வருடத்துக்கு ஒருமுறை திருத்தும். மூன்று தலைமுறையாக இருக்கிற வீட்டுக்குத் திடீரென்று கூடுதல் வாடகை, பாக்கி என்று நோட்டீஸ் வரும்போது மனிதர்கள் ஆடிப்போவது இதனால்தான். 1921-ஆம் வருடத்து நகரக் குடியிருப்போர் பாதுகாப்புச் சட்டத்தில் வீடு கட்டியவர் அடிநிலத்தை விலைக்குக் கேட்கலாம் என்று ஒரு பிரிவு இருந்தது. 1996-ல் கோயில் நிலத்தை அதிலிருந்து எடுத்துவிட்டார்கள், மயிலாப்பூர் கிளப் வழக்கில் உச்ச நீதிமன்றமும் 2005-ல் அது சரி என்றது. எனக்கு இதில் ரெண்டு மனசு உண்டு. கோயில் சொத்து கரைந்து போகக் கூடாது என்பதும் சரி, எழுபது வருடம் இருந்தவருக்கு அடுத்த ஐந்து வருடம் உறுதி இல்லை என்பதும் கொடுமை. கோயில் மனை வீட்டை ஒத்திக்கு எடுக்கிறவர்கள் மட்டும் ரொம்ப யோசிக்கணும். வீட்டுக்காரரிடம் இருக்கிற உரிமையே கடன் வாங்கிய உரிமை, அதன் மேல் நாம் என்ன ஒத்தி வாங்க முடியும்?

மாத வாடகைக்காரர்களுக்கு 2019 பிப்ரவரி 22-லிருந்து புதிய வாடகைச் சட்டம் இருக்கிறது. எழுத்தில் ஒப்பந்தம் போட்டு வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும், நீட்டிப்பை ஒப்பந்தக் காலம் முடிவதற்குள் கேட்க வேண்டும் என்றெல்லாம். அதற்குத் தனியாக ஒரு பதிவு எழுதலாம்.

இனி எங்கள் வீட்டு ரெண்டாம் தவணைக்கு வருகிறேன். வீட்டுக்காரரிடம் மறுநாளே போய் நான் கேட்டது மூன்று விஷயம். முதலாவது, மூலப்பத்திரத்தைக் கண்ணால் பார்க்கணும். ஜெராக்ஸ் வேண்டாம். வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறை இணையதளத்தில் காசில்லாமலே பார்த்துவிடலாம், வங்கியில் பத்திரம் வைத்துக் கடன் வாங்கியது பதிவாகியிருந்தால் அதில் தெரியும். ஆனால் பத்திரத்தை வட்டிக்காரர் கையில் கொடுத்துக் கடன் வாங்கியிருந்தால் எந்தச் சான்றிலும் தெரியாது. மூலப்பத்திரம் பீரோவில் இருக்கிறதா என்பது மட்டுமே அதற்குச் சோதனை. அவர் முகம் ஒரு நிமிஷம் சுருங்கியது. "என்ன அண்ணாச்சி, மூணு வருஷம் பழகியாச்சு..." என்று இழுத்தார். அவருடைய மனைவி உள்ளேயிருந்து, "கேக்கட்டுமே, கேக்கியது ஞாயந்தான?" என்றபடி உறையோடு கொண்டுவந்து வைத்தார். இப்படிப்பட்ட காரியங்களில் அக்காமார்தான் எப்போதும் தெளிவு.

ரெண்டாவது, கூட்டிக் கேட்ட ஒரு லட்சம். அதை ஐம்பதாயிரமாகக் குறைத்தோம், தவணையையும் மூன்றிலிருந்து ரெண்டு வருடமாக்கினோம். கூட்டுகிற பணம் வங்கி வழியாக மட்டும்தான் என்றேன். இருபதாயிரமோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கடனோ வைப்போ வாங்கினால் வருமான வரிக்காரர்கள் வாங்கினவர் மேல்தான் அதே அளவு அபராதம் போடலாம் என்று சொன்னதும் அவரே கணக்கு எண்ணை எழுதித் தந்துவிட்டார். வங்கி வழியாகப் போன பணத்துக்கு நாளைக்குச் சாட்சி தேட வேண்டியதில்லை என்பது எனக்கு லாபம்.

மூன்றாவது பதிவு. முத்திரைச் செலவை ஆளுக்குப் பாதி என்று முடிவு செய்து, பழைய தாளை ரத்து செய்து, முழுத் தொகைக்கும் புதிதாக ஒத்திப் பத்திரம். மகன் சவுதியில் இருப்பதால் அவன் கையெழுத்து வேண்டுமா என்ற பேச்சு வந்தது. வீடு அம்மா அப்பா பெயரில் மட்டும் இருந்ததால் தேவைப்படவில்லை. வீட்டுக்காரர் காலமாகிவிட்ட வீடுகளில் இதுதான் பெரிய சிக்கல். வாரிசுகள் எல்லாரும் கையெழுத்துப் போடணும், அதில் ஒருவர் துபாயில், ஒருவர் கோபித்துக்கொண்டு பாறசாலையில் இருப்பார். செத்துப்போனவர் உயிரோடு இருந்தபோது கொடுத்த பவர் பத்திரத்தை வைத்துக்கொண்டு நீட்டிப்பு எழுதித் தருகிறவர்களும் உண்டு. கொடுத்தவர் போனால் அந்தப் பவரும் பொதுவாகக் கூடவே போய்விடும்.

பத்திரம் எழுதுகிறவரிடம் உட்கார்ந்தபோது எல்லாம் அரைமணி நேரத்தில் முடிந்தது, ஒன்றைத் தவிர. சட்டப்படி ஒத்தி வீட்டின் பலன் முழுக்க ஒத்திக்காரருக்கு, வீட்டு வரியும் சில்லறை ரிப்பேரும்கூட வேறு மாதிரி எழுதாவிட்டால் ஒத்திக்காரர் தலையில்தான். வரி அவர் கட்டுவது, ரிப்பேரில் கூரைவேலை அவருக்கு, குழாய்வேலை எனக்கு என்று பேசிவிட்டோம். நின்றது பின்பக்கத்து வருக்கைச் சக்கை மரமும் ரெண்டு தென்னையும். பத்திரக்காரர் வழக்கம்போல 'விருட்சப் பலன் நீங்கலாக' என்று எழுதப் போனார். நான் பேனாவைப் பிடித்து நிறுத்தினேன். தேங்காய் விலை இப்போது இருக்கிற நிலையில் ரெண்டு தென்னை லேசான விஷயமா?

கடைசியில் இப்படி எழுதியாயிற்று: தென்னை இரண்டின் பலனும் ஒத்திக்காரருக்கு, வெட்டுக்கூலி ஒத்திக்காரர் செலவு, வருக்கை மரத்தின் பலன் வீட்டு உடைமையாளருக்கு, அதில் வருடத்துக்கு நான்கு சக்கை ஒத்திக்காரருக்கு. "எந்த நாலுன்னு எழுதணுமா?" என்று பத்திரக்காரர் கேட்டார். வீட்டுக்காரர் அக்கா, "அத நான் பாத்துக் குடுக்கேன், எழுதாண்டாம்" என்றார்.